சங்ககிரி பிரிவு

கோகிலவாணி கம்பைலர் எழுதுகிறவள். மனிதர் எழுதும் நிரலைக் கணினிச் சில்லுக்குப் புரியும் மொழியாக மாற்றித் தரும் வேலை அது. திருச்செங்கோட்டில் அவள் அம்மா பாவாயி, "கோயமுத்தூர்ல கம்பியூட்டர் வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். அண்ணன் செங்கோட்டுவேல் மட்டும்தான் அது என்ன வேலை என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்க அவனுக்கு உரிமையும் இருந்தது. தங்கை வேலை செய்யும் 'நாளம்' கம்பெனியின் சில்லு ஒன்று அவன் இடது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் உட்கார்ந்திருந்தது.

ஆமணக்கு முத்து அளவுதான் இருக்கும். கம்பெனியும் அதற்கு 'முத்து' என்றே பெயர் வைத்திருந்தது. செங்கோட்டுவேலுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. பள்ளிக்கூடத்தில் விழுவான், தேர்த் திருவிழாக் கூட்டத்தில் விழுவான். லாரி ஓட்ட வேண்டும் என்ற ஆசையை அப்பா உயிரோடு இருந்தவரை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. முத்து வைத்த பிறகு ஒரு தடவைகூட அவன் விழவில்லை. உரிமம் வாங்கினான், ராசாமணியைக் கல்யாணம் செய்துகொண்டான், வடநாடு வரை லோடு ஓட்டினான்.

ஒரு நாள் கோயம்புத்தூரில் சரக்கை இறக்கிவிட்டுத் தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தான்.

"இப்ப ஆபீஸ்ல என்ன அம்மிணி பண்டறே?"

கோகிலவாணி தோசைக் கரண்டியோடு திரும்பினாள். "நான் தோசை ஊத்திட்டிருக்கறேன். வாசல்ல யாரோ கூப்புடறாங்க. அடுப்பைக் கொறைப்பேன், கரண்டிய எறக்கி வெப்பேன், போய் என்னன்னு கேட்டுட்டு வந்து உட்ட எடத்துல இருந்து மறுக்கா ஊத்துவேன். உங்க முத்துக்கும் அதே வேலைதானுங்கண்ணா. நரம்புல திடீர்னு ஒரு சேதி குறுக்க வந்தா, அதுவரைக்கும் இருந்ததை எல்லாம் பத்திரமா எடுத்து வெக்கோணும். வந்ததைக் கவனிச்சு அனுப்போணும். அப்பறம் எடுத்து வெச்சதை இருந்த மாதிரியே திருப்பி வெக்கோணும்."

"அதைத்தான் ஏற்கெனவே பண்ணுதே."

"பண்ணுது. ஆனா அந்தக் குறுக்கீட்டு நிரலை ஒவ்வொரு வரியா, சில்லோட பாஷையிலயே கையால எழுதோணும். அது தெரிஞ்சவங்க எங்க கம்பெனியில ரெண்டு மூணு பேருதான். ஒவ்வொருத்தரோட வலிப்பும் ஒவ்வொரு மாதிரி. ஒரு ஆளுக்கு எழுதி முடிக்க மாசக்கணக்கா ஆகுது. எத்தனையோ பேரு காத்துட்டிருக்கறாங்க. காத்துட்டிருக்கறப்பவே செத்துப்போறவங்களும் இருக்கறாங்க."

"அதுக்கு நீ?"

"நான் கம்பைலருக்கு அதைச் சொல்லிக் குடுக்கறேன். இனிமே யாரும் சாதாரண நிரல் எழுதிட்டு, தலைமாட்டுல 'குறுக்கீடு'ன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும். எடுத்து வெக்கறது, திருப்பி வெக்கறது எல்லாத்தையும் கம்பைலரே பாத்துக்கும்."

செங்கோட்டுவேல் சட்னியைத் தொட்டுக்கொண்டே யோசித்தான். "அடுப்பைக் கொறைக்காம ஒருத்தி வாசலுக்கு ஓடுனா?"

"கம்பைலர் ஓட உடாது. பிழைன்னு சொல்லி அங்கயே நிறுத்திப்புடும்."

அவன் சிரித்தான். "நல்ல வேலைதான் பண்டறே."

அந்த வார்த்தையோடு அவள் பல நாள் வேலை செய்தாள்.

முத்துக்குள் பதினாறு சிறு அறைகள். அந்த நொடியில் நரம்புகள் எந்த நிலையில் இருந்தனவோ, அதை அந்த அறைகள் ஏந்தியிருக்கும். பன்னிரண்டு அறைகளில் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரியும். நடையின் சமநிலை, கண்ணின் பார்வை, கைப்பிடி, பேச்சு இப்படி. மீதி நாலு அறைகளில் என்னமோ வந்தது, போனது. என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால்தான் கோகிலவாணி கண்டிப்பாக ஒரு விதி வைத்தாள். குறுக்கீட்டு நிரல் பதினாறையும் எடுத்துவைத்துத் திருப்பிவைக்க வேண்டும். வேறொரு நிரலைத் துணைக்கு அழைத்தால் அதுவும் அப்படியே செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பிழை. கம்பைலர் நகராது.

கம்பைலர் வெளியானதும் வலிப்புக்காரர்களின் வரிசை மளமளவென்று குறைந்தது. மாதங்கள் பிடித்த வேலை நாட்களில் முடிந்தது. மருத்துவர்கள் இனிப்புப் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார்கள்.

பிறகு ஒரு காலையில் ஆதிகேசவன் அவளைக் கூப்பிட்டார். நாளத்தை ஆரம்பித்தவர் அவர், நரம்பியல் டாக்டர். சென்னைக்காரர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"கோகிலா, தூக்கமும் ஒரு குறுக்கீடுதானே?"

அவளுக்கு உடனே புரியவில்லை.

"லாரி ஓட்டுறவனுக்கு விடிகாலையில கண்ணு சொக்குது. நரம்புல ஒரு சேதி வருது. அதைக் கவனிச்சு அனுப்பிட்டா அவன் முழிச்சுட்டே ஓட்டுவான். ஒரு சரக்குக் கம்பெனி கேட்டிருக்காங்க. தூக்கத்தை அமர்த்துற நிரலை வெளியில ஒரு இடத்துல வாங்கியாச்சு. நல்லா வேலை செய்யுது. ஆனா உங்க கம்பைலர் அதை உள்ள விட மாட்டேங்குது."

"ஏன் சார்?"

"அந்த நாலு அறைய அது திருப்பி வெக்கல. பூட்டின நிரல், நம்மால திறந்து மாத்த முடியாது. நீங்க அந்தப் பிழையை எச்சரிக்கையா மாத்திடுங்க. கம்பைலர் சொல்லட்டும், ஆனா நிறுத்த வேணாம்."

"அந்த நாலுல என்ன இருக்குன்னு தெரியாதே சார்."

"ஒண்ணும் இல்லன்னு நெனைக்கிறேன். சோதிச்சுப் பாத்தோம். எல்லாரும் நடக்கிறாங்க, பேசுறாங்க, கணக்குப் போடுறாங்க. ஒரு குறையும் இல்ல."

"தெரியலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணா சார்?"

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தூங்கி விழுந்து ரோட்டுல சாகுறது தெரிஞ்ச விஷயம், கோகிலா. உங்க அண்ணனும் லாரிதானே ஓட்டுறார்?"

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றி முடித்துவிட்டாள்.

எல்லா எச்சரிக்கைக்கும் நடப்பதுதான் இதற்கும் நடந்தது. முதலில் படித்தார்கள், பிறகு படிக்காமல் தள்ளினார்கள், பிறகு திரையில் தெரியாதபடி அணைத்துவைத்தார்கள். தூக்க நிரல் நரம்பைச் சீக்கிரம் அமர்த்துகிறது என்று கண்டதும், வலிப்புக்கு எழுதுகிறவர்களும் அதையே துணைக்கு அழைக்க ஆரம்பித்தார்கள்.

நெடுஞ்சாலைகளில் விபத்து நிஜமாகவே குறைந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. முத்து வைத்த டிரைவருக்குத்தான் லோடு என்று லாரி உரிமையாளர்கள் சொல்லிவிட்டார்கள். செங்கோட்டுவேலுக்கு முத்து ஏற்கெனவே இருந்ததால் ஒரு கிளினிக்கில் போய்த் தூக்க நிரலைச் சேர்த்துக்கொண்டான். அதைத் தங்கையிடம் போனில் பெருமையாகச் சொன்னான். அவளுக்கு அந்த நாலு அறைகள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் "சூதானமா ஓட்டுங்கண்ணா" என்பதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு மாசி மாதம் அம்மா இறந்துபோனாள். காலையில் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கோகிலவாணி காரில் வந்து சேர்ந்தபோது பாவாயியை ஐஸ்பெட்டியில் வைத்து வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஓசூரில் இருந்த செங்கோட்டுவேல், செய்தி கேட்ட உடனே வெறும் வண்டியோடு கிளம்பிவிட்டதாக ராசாமணி சொன்னாள்.

மத்தியானம் தாண்டியது. அவன் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பங்காளிகள் தருமபுரி, சேலம் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் விசாரித்தார்கள். வெயில் சாயும் நேரத்தில் கோகிலவாணியின் போனை அவன் எடுத்தான்.

"அண்ணா, எங்க இருக்கறீங்க?"

"வாளையார் தாண்டிட்டேன் அம்மிணி."

வாளையார் கேரள எல்லை. அவளுக்குத் தப்பாகக் காதில் விழுந்ததோ என்றிருந்தது.

"அம்மாவை எடுக்கறதுக்கு உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கறோம்."

"ஆமா, ராசாமணி காலையில சொன்னா. அம்மா சிரமப்படாமப் போச்சா?"

"நீங்க வரலீங்களா?"

"வந்துட்டுத்தான் இருந்தேன். தொப்பூர்க்கிட்டக் கண்ணு சொக்குச்சு. முத்து பாத்துக்குச்சு. அப்பறம் சேலத்துல ஒரு லோடு நிக்குது, கொச்சிக்குப் போகோணும்னு போன் வந்துச்சு. ஏத்திட்டு வந்துட்டேன்."

அவன் குரலில் கள்ளம் இல்லை. துக்கமும் இல்லை. மழை பெய்ததா என்று கேட்டால் சொல்லும் குரல்.

"அப்ப சங்ககிரி வழியாத்தானே போயிருக்கோணும்?"

"ஆமா. பிரிவு வந்துச்சு. நேராப் போயிட்டேன்."

சங்ககிரி பிரிவில் வண்டியைத் திருப்பினால் கொஞ்ச தூரத்தில் வீடு. அம்மாவின் உடல் அங்கே கிடந்த வேளையில் அவன் அந்த இடத்தைக் கடந்து போயிருக்கிறான்.

பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தான்.

எல்லாரும் போன பிறகு பந்தலில் சில பெண்கள் மிஞ்சியிருந்தார்கள். லாரிக்காரர் வீட்டுப் பெண்கள். அவர்களில் ஒருத்தி, "என்ற ஊட்டுக்காரரு பொங்கலுக்கு முந்திப் போனாருங்க" என்றாள். "போன் பண்டனா நல்லாத்தான் பேசறாரு. பணமும் அனுப்பறாரு. வாரேங்கறாரு. வாரதில்ல." இன்னொருத்தியின் புருஷன் பிரசவத்துக்கும் வரவில்லை. சங்ககிரிப் பக்கம் தெருவுக்கு ரெண்டு வீடாவது இப்படி இருக்கிறது என்றார்கள்.

ராசாமணி தூணில் சாய்ந்திருந்தாள். "கோவிச்சுக்கிட்டு இருந்தாக்கூட காலைக் கையப் புடிச்சுச் சமாதானம் பண்ணலாம் கண்ணு. அவியளுக்குக் கோவமே இல்ல. என்னைய மறக்கவும் இல்ல. என்ற பொறந்த நாளைக்குப் போன் பண்டறாங்க. திரும்பி வரோணும்னுதான் தோண மாட்டேங்குது."

கோகிலவாணிக்கு அப்போது தெரிந்துவிட்டது அந்த நாலு அறைகளில் என்ன இருந்தது என்று.

மறுநாளே ஆபீசுக்குப் போனாள். ஆதிகேசவன் அவளுக்கு ஆறுதல் சொல்லி உட்காரவைத்தார்.

"ஒரு வேலைய பாதியில விட்டுட்டுப் போனா, மனசு அதையே இழுத்துட்டு இருக்கும் இல்லீங்களா சார்?" என்றாள் அவள். "அந்த இழுப்புதான் அந்த நாலுல இருக்குது. ஞாபகம் இல்ல, பாசம் இல்ல, அதெல்லாம் வேற எங்கயோ பத்திரமாத்தான் இருக்குது. உட்ட எடத்துக்கு ஆளைத் திருப்பிக் கொண்டாற கயிறு. ஒவ்வொரு தடவை தூக்கத்தை அமர்த்தறப்பவும் அது கொஞ்சம் கொஞ்சமா அறுந்து போயிடுது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சில பேர் சொன்னாங்க" என்றார். "வீட்டுக்குச் சரியா வரதில்லன்னு. குடும்பப் பிரச்சினைன்னு நெனச்சேன்."

"இனிமேலாவது நிறுத்துங்க சார்."

"டிரைவருங்க யாராவது புகார் சொல்லியிருக்காங்களா?"

"சொல்ல மாட்டாங்க சார். புகார் சொல்றதுக்கும் உள்ளார ஏதாவது இழுக்கோணுமே."

"அறுந்து போனதைத் திருப்பிக் குடுக்க முடியுமா, கோகிலா?"

"எடுத்து வெக்காததை எப்படி சார் திருப்பி வெக்கறது?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கம்பைலர் உங்களுது. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க."

அவர் மறுத்திருந்தால்கூட அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். எச்சரிக்கையை மறுபடி பிழையாக மாற்றினாள். அன்றைக்கு வெகு நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் சேலத்திலிருந்து சுபத்ரா என்ற டாக்டர் கூப்பிட்டார். அவரிடம் ஒரு இளம்பெண் இருந்தாள், பெயர் கனகா. பிரசவத்துக்குப் பிறகு வலிப்பு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. முத்து வைத்தாகிவிட்டது. அவளுக்கென்று எழுதிய நிரலைக் கம்பைலர் ஏற்கவில்லை. அதில் தூக்க நிரலைத் துணைக்கு அழைத்திருந்தார்கள்.

"அது இல்லாம எழுதித் தர்றேனுங்க டாக்டர்" என்றாள் கோகிலவாணி.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ராப்பகலா எழுதினாலும் ஒரு வாரம்."

"அவ்வளவு நேரம் அந்தப் பொண்ணு தாங்க மாட்டாங்க மேடம்." பின்னணியில் யாரோ ஓடுவதும் இரும்புக் கட்டில் அதிர்வதும் கேட்டன. டாக்டர் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. "சொல்லுங்க. என்ன செய்யட்டும்?"

கோகிலவாணி திரையைத் திறந்தாள். பிழையைக் கனகாவுக்கு மட்டும் எச்சரிக்கையாக மாற்ற வழி இருக்கிறதா என்று தேடினாள். ஒரு கனகாவுக்குத் திறந்த கதவை அடுத்த கனகாவுக்கு எப்படி மூடுவது என்று தெரியவில்லை. எல்லாருக்கும் திறந்தாள்.

"இப்ப போட்டுப் பாருங்க டாக்டர்."

கொஞ்ச நேரத்தில் டாக்டரின் குரல் தணிந்தது. "நின்னுருச்சு. ரொம்ப நன்றிங்க."

"குழந்தை எங்க இருக்குது?"

"அவங்க அம்மாகிட்ட, வெளியில."

"பக்கத்துலயே போடச் சொல்லுங்க. எப்பவும் அந்தப் பொண்ணு கையிலயே இருக்கட்டும். தண்ணி குடிக்கப் போனாலும் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. கீழ எறக்கி வெக்க வேண்டாமுங்க."

"ஏன்?"

"அப்படியே சொல்லிருங்க" என்று போனை வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் அண்ணனைத் தேடிக்கொண்டு போனாள். தேடவும் வேண்டியிருக்கவில்லை. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறவன்தானே. பெருந்துறையில் ஒரு குடோன் வாசலில் சரக்கை இறக்கிவிட்டு, தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். சட்டையில் ஒரு பித்தானைத் தைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருந்தது. நூல் தொங்கியது. அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வா அம்மிணி. டீ சாப்புடறயா?"

"ஊட்டுக்குப் போலாமுங்கண்ணா. நானும் வண்டியிலயே வாரேன்."

"போலாமே" என்றான்.

பவானியைத் தாண்டும்வரை அவள் வீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தினால் அவன் வேறு பக்கம் போய்விடுவான் என்ற பயம். ஒரு கட்டத்தில் அவனே பேசினான்.

"முந்தியெல்லாம் சரக்கு எறக்கி முடிச்சதும் இங்க புடிச்சு இழுக்கும்" என்று நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினான். "நாக்பூர்ல இருந்தாலும் இழுக்கும். சோறு எறங்காது. ராசாமணி மொகமே நிக்கும். இப்ப அது இல்ல. மொகம் இருக்குது, இழுப்பு இல்ல. பொய் சொல்லக்கூடாது அம்மிணி, நிம்மதியாத்தான் இருக்குது."

"அம்மாவுக்குக் கொள்ளி வெக்கலையேன்னு…"

"தப்புன்னு தெரியுது. நல்லாத் தெரியுது." அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியறதோட நின்னுபோகுது."

சங்ககிரி பிரிவு வந்தது. அவன் கை ஸ்டீயரிங்கில் நேராக இருந்தது.

"திருப்புங்கண்ணா."

திருப்பினான். மறுப்பே இல்லை. "சொன்னாத் திருப்புவேனே" என்றான். "யாராவது பக்கத்துல இருந்து சொல்லோணும்."

ராசாமணி வாசலுக்கு வந்து நின்றாள். அவன் கைகால் கழுவிக்கொண்டு வந்து அம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். கும்பிட்டான். பிறகு சாப்பிட உட்கார்ந்தான். நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். "உப்பு சரியா இருக்குது" என்று அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஒருவேளை, கூடவே இருந்தால், யாராவது எப்போதும் பக்கத்தில் இருந்தால் என்று கோகிலவாணி நினைக்க ஆரம்பித்தாள்.

போன் அடித்தது. பாதிச் சோற்றில் எடுத்தான். கரூரில் ஒரு லோடு. "சரிங்க, வாரனுங்க" என்றான். கையைக் கழுவினான். கோகிலவாணி வாசலை மறித்து நின்றாள். அவன் கோபப்படவில்லை. அவள் தோளை மெதுவாக ஒதுக்கிவிட்டு, "வாரேன் அம்மிணி, வாரேன் ராசாமணி" என்று சொல்லிவிட்டுப் போனான். லாரி தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது.

ராசாமணி அழுவாள் என்று கோகிலவாணி பயந்தாள். அவள் அழவில்லை. இலையை மடித்து எடுத்துப்போய் வெளியே போட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முத்து என்ன செய்தது என்பதைக் கோகிலவாணி அவளிடம் போனில் முன்பே சொல்லியிருந்தாள்.

"அவியளுக்கு அந்த முத்தால நோவு ஒண்ணும் இல்லீல்ல கண்ணு?"

"இல்லீங் நங்கையா." அண்ணன் மனைவியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நிம்மதியா இருக்கறாங்களா?"

கோகிலவாணி தயங்கினாள். "அப்படித்தான் சொல்றாங்க."

"ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் என்ற உசுரு எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டு வருது. இது லாரிக்கார ஊரு. நாளெல்லாம் லாரிதான்." ராசாமணி புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். "எனக்கும் ஒண்ணு வெச்சுடு."

"உங்களுக்கு வலிப்பு இல்லியே நங்கையா."

"வலிப்புக்கு வெக்கச் சொல்லலியே."

அது வேலை செய்யாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் மனைவி நம்பியிருப்பாள். ஆனால் அது நன்றாக வேலை செய்யும் என்று இந்த உலகத்தில் கோகிலவாணிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவள் வாயைத் திறப்பதற்குள் ராசாமணி கொண்டையை அவிழ்த்து, முடியை ஒரு பக்கமாக ஒதுக்கி, இடது காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்கதானே?"

தெருவில் ஒரு லாரி வந்தது. அவள் விரல் அங்கேயே இருக்க, தலை மட்டும் வாசல் பக்கம் திரும்பியது. லாரி நிற்காமல் போனது.

"நீ கெளம்பறப்பச் சொல்லு" என்றாள். "நானும் கூட வாரேன்."